பரஸ்தானம் போன பாஸ்போர்ட்

திருச்சி விமான நிலையத்துக்கும் வான்கூவர் விமான நிலையத்துக்கும் இடையே பதின்மூன்றாயிரம் கிலோமீட்டர். பறக்கும் நேரம் பதினாறு மணி. இதை எனக்குச் சொன்னது கனடாவில் இருக்கும் என் பெண். அவளுக்குச் சொன்னது ஏதோ ஓர் இணையதளம். இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் போதும், நடுவில் ஒரு கோடு இழுத்து, இவ்வளவு தூரம், இவ்வளவு நேரம் என்று அது சொல்லிவிடும். அந்த இரண்டு ஊருக்கும் நடுவே விமானம் ஒன்று ஓடுகிறதா என்று மட்டும் அதனிடம் கேட்கக் கூடாது. நன்னிலத்தையும் வடதுருவத்தையும் போட்டாலும் கூசாமல் ஒரு கணக்குச் சொல்லும். திருச்சியிலிருந்து வான்கூவருக்கு நேர் விமானமே கிடையாது. இல்லாத விமானம் பதினாறு மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும் என்பதில் என் பெண்ணுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

நம்பிக்கைக்குக் காரணம் பயம். அவளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்குப் பெற்றோர் இல்லை. பிரசவ நேரத்தில் அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிட்டாள். சின்ன வயதில் ஊசி போட வந்தால் என் புடவைத் தலைப்பைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிற பெண். இப்போது பெரிய கம்பெனியில் பெரிய வேலை பார்க்கிறாள், ஆனால் பயம் மட்டும் வளரவில்லை, அப்படியே இருக்கிறது. தினமும் போனில் ஒரே கேள்வி.

"வலி வந்ததும் சொன்னா பதினாறு மணி நேரத்துல வந்துருவீல்லம்மா?"

வந்துருவேன் என்று நானும் தினமும் சொன்னேன். தாராசுரத்தில் எங்கள் தெருமுனைக்கு ஒரு ஆட்டோ வருவதற்கே பாதி நேரம் போய்விடும் என்பதைச் சொல்லவில்லை. நான் தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெளிநாட்டுக் கடிதம் எத்தனை நாளில் போகும் என்று கேட்பவர்களுக்கு, போகும்போது போகும் என்று மனசுக்குள்ளும், பத்து நாளில் போய்விடும் என்று வாய்விட்டும் சொல்லிப் பழகியவள்.

விசா வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வந்தபோது டாக்டர் சொன்ன தேதி நெருங்கிவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் கிடைத்த டிக்கெட் வெள்ளிக்கிழமை ராத்திரி, மெட்ராஸிலிருந்து ஜெர்மனி, அங்கே மாறி வான்கூவர். டிக்கெட்டைப் பார்த்த கையோடு நான் தினசரி காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். எந்தக் கிழமையில் எந்தத் திசைக்குப் பயணம் ஆகாது என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்குமே, அதுதான். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணைப் பார்க்க சூலத்துக்கு எதிரே போக முடியாது என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாணவர்கள் இல்லாத குறைக்கு நான் இருக்கிறேன்.

"கனடா மேற்கே இருக்குன்னு உனக்கு யார் சொன்னா?" என்றார்.

அலமாரி மேலிருந்து பழைய பூகோள உருண்டையை இறக்கினார். அதில் இன்னும் சோவியத் யூனியன் ஒரே துண்டாக இருக்கிறது. பூத்தொடுக்கும் நூலில் ஒரு முழம் அறுத்து, ஒரு நுனியைத் திருச்சியில் வைத்து என் விரலால் அழுத்தச் சொன்னார். மறு நுனியை வான்கூவரில் வைத்து இறுக்கினார். நூல் மேற்கே போகவில்லை. நேரே வடக்கே ஏறி, சீனாவைத் தாண்டி, சைபீரியாவின் பனியைத் தாண்டி, உருண்டையின் தலைமேலேயே ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. பெண் போனதிலிருந்து சாயங்காலம் மாடியில் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் சூரியன் இறங்குகிற பக்கமாகப் பார்த்து, அங்கேதான் இருக்கிறாள் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். அவளோ இத்தனை நாளும் வடக்கே, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்திருக்கிறாள். அத்தனை பெருமூச்சும் வீண்.

"வடக்கே சூலம் செவ்வாய் புதன்ல தானே? வெள்ளிக்கிழமை தாராளமா போகலாம்" என்று நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"நூல் வடக்கே போகுதுங்க. ஏரோப்பிளேன் நூல் மேலயா போகுது? ஜெர்மனிக்குல்ல போகுது. ஜெர்மனி எங்க இருக்கு?"

அவர் உருண்டையைப் பார்த்தார். ஜெர்மனி மேற்கேதான் இருந்தது. பூகோளத்தை வைத்தே பூகோள வாத்தியாரை மடக்கிய சந்தோஷத்தில் எனக்கு அன்று ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை.

சூலத்துக்குப் பரிகாரம் வெல்லம். அது போதாது என்று எனக்குத் தோன்றியது. பரஸ்தானமும் வைத்துவிடலாம் என்றேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்புகிற நாள் சரியில்லை, ஆனால் போயே ஆக வேண்டும் என்றால், முன்னதாக ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், போகிற திசையில் உள்ள இன்னொருவர் வீட்டில் நம் சாமான் ஒன்றை வைத்துவிட வேண்டும். சாமான் போனால் ஆளே போன மாதிரி. அப்புறம் எப்போது கிளம்பினாலும் குற்றமில்லை, ஏனென்றால் நாம் ஏற்கெனவே கிளம்பிவிட்டோம். கிரகங்களை இப்படி ஏமாற்றலாம் என்று கண்டுபிடித்தவர் யாரோ, அவரைத் தபால் இலாகாவில் மேலதிகாரியாகப் போட்டிருக்கலாம். நிபந்தனை இரண்டுதான். வைத்த சாமான் திரும்ப நம் வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. அது இல்லாமல் பயணமே இல்லை என்கிற சாமானாக இருக்க வேண்டும்.

"அது இல்லாம போகவே முடியாதுன்னா பாஸ்போர்ட்டத்தான் வைக்கணும்" என்றார் அவர்.

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சாஸ்திர ஞானம் அதுதான் என்று எனக்குப் பட்டது. ஜவுளிக்கடையில் கொடுத்த ஜிப் வைத்த பையில் என் புடவை ஒன்று, அவர் வேட்டி ஒன்று, ஒரு பிடி பச்சரிசி, மஞ்சள் கிழங்கு, எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு பாஸ்போர்ட். புதன்கிழமை காலை நல்ல நேரத்தில், மேற்கே நாலாவது வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அது ஒரு மீன் வியாபாரி வீடு. அவர் மனைவி கோடியக்கரைப் பெண். என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருவாள். இரண்டு கையாலும் பையை வாங்கிச் சாமி அலமாரியில் வைத்து விளக்கேற்றினாள். அதோடு நான் சும்மா வந்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பயணம் கிளம்புன பை, இதத் தனியா விட்டுட்டு எங்கயும் போயிடாத" என்று சாஸ்திரத்தில் இல்லாத மூன்றாவது நிபந்தனை ஒன்றை நானாகச் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் பெண் கூப்பிட்டபோது, பரஸ்தானம் வைத்தாயிற்று என்று சொன்னேன்.

"அப்ப கிளம்பிட்டீங்களா?" என்றாள்.

"கிளம்பியாச்சு."

வெள்ளிக்கிழமை காலை வாடகைக் கார் வந்தது. பெட்டிகளை ஏற்றி, வீட்டைப் பூட்டி, ஆளுக்கு ஒரு வெல்லக்கட்டி வாயில் போட்டுக்கொண்டோம். டிரைவருக்கும் ஒன்று கொடுத்தேன். பிரசாதம் என்று நினைத்து அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். நாலு வீடு தள்ளி வண்டியை நிறுத்திப் பையை எடுக்க இறங்கினேன். கதவில் பூட்டு தொங்கியது.

எதிர் வீட்டில் விசாரித்தால், புருஷனும் பெண்டாட்டியும் முதல் நாளே கோடியக்கரைக்குப் போய்விட்டார்களாம். அவளுடைய அண்ணன் புதுப் படகு வாங்கியிருக்கிறார், அதைக் கடலில் இறக்குகிறார்களாம். பை? பையையும் கையோடு கொண்டுபோனதைப் பார்த்தார்களாம். எனக்கு வாயில் இருந்த வெல்லம் கசந்தது. போனைப் பார்த்தால் அவளிடமிருந்து வந்த குரல் செய்திகள் வரிசையாக இருந்தன. பெட்டி கட்டுகிற அமர்க்களத்தில் நான் ஒன்றையும் கேட்கவில்லை. வியாழக்கிழமையே திரும்பிவிடுவதாகத்தான் போயிருக்கிறாள். காற்று சரியில்லை என்று படகை இறக்குவதை மறுநாள் காலைக்குத் தள்ளிவிட்டார்கள். ராத்திரி விமானத்துக்கு நாங்கள் காலையிலேயே கிளம்புவோம் என்று அவள் நினைக்கவில்லை.

அவளுக்குப் போன் போட்டேன், போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் எடுத்தாள். ஒரே காற்று இரைச்சல்.

"கவலப்படாதீங்கக்கா, பை எம் மடியிலதான் இருக்கு."

"நீ எங்க இருக்க?"

"படகுல இருக்கேங்க்கா. கடலுக்குள்ள."

தனியாக விட்டுவிட்டுப் போகாதே என்று நான் சொன்னதை அவள் தேவவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டாள். வீட்டில் விடாமல் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஊரில் விடாமல் கரைக்கு எடுத்துக்கொண்டு போனாள். கரையில் விடாமல் புதுப் படகில் முதல் சுற்றுக்கு ஏறியபோதும் மடியில் வைத்துக்கொண்டாள். மேற்கே போக வேண்டிய எங்கள் பாஸ்போர்ட் தென்கிழக்கே, அலைமேல் ஆடிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், மனிதர் காரில் சாய்ந்துகொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் இலங்கை, நமக்கு முன்னால் பாஸ்போர்ட் வெளிநாடு போய்விடும், நாம் போகவேண்டிய அவசியமே இல்லை என்றார். எனக்கு அழுகை முட்டியது, அவர் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து விக்கல் பிடித்துக்கொண்டது. டிரைவர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அவளே யோசனை சொன்னாள். பையைத் தாராசுரத்துக்குக் கொண்டுவந்தால் நேரமும் ஆகும், சாஸ்திரமும் கெடும். அண்ணனுடைய மீன் வண்டி மெட்ராஸ் பக்கம் கிளம்பத் தயாராக நிற்கிறது, அதில் ஏறி வருகிறேன், நீங்கள் மாயவரம் வழியாகச் சீர்காழிக்கு வந்துவிடுங்கள், புறவழிச்சாலையில் கைமாற்றிவிடலாம் என்றாள். தபால் இலாகாவில்கூட இவ்வளவு வேகமாக யாரும் முடிவெடுத்து நான் பார்த்ததில்லை.

சைபீரியாவைத் தாண்ட விமானத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று அந்த இணையதளம் சொல்லும். சம்பா அறுவடைச் சமயத்தில் கும்பகோணத்திலிருந்து சீர்காழி போக எவ்வளவு நேரமாகும் என்று சொல்லட்டும் பார்க்கலாம். சாலையில் பாதிக்கு நெல் காய்ந்தது. மீதிப் பாதியில் அறுவடை இயந்திரம் ஒன்று புது மாப்பிள்ளை மாதிரி நிதானமாக ஊர்ந்தது. அதற்குப் பின்னால் நெல் மூட்டை லாரி, அதற்குப் பின்னால் நாங்கள். நான் முன்சீட்டின் முதுகைக் காலால் உந்திக்கொண்டே வந்தேன், அதனால் கார் வேகமாகப் போகும் என்பது போல.

சீர்காழியில் ஒரு டீக்கடை ஓரமாக நின்றோம். மீன் வண்டியைக் காணோம். அப்போது பார்த்து போன் அடித்தது. பெண்தான். அவளுக்கு அங்கே படுக்கப் போகிற நேரம்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"வழியில இருக்கோம்" என்றேன். பொய் இல்லை.

"இடுப்பு ஒரு மாதிரி இழுக்குதும்மா" என்றாள்.

வாய்வாக இருக்கும், வெந்நீர் குடி, இடதுபக்கமாகப் படு என்று அவளுக்குத் தைரியம் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பூகோளம், சூலம், நூல் எல்லாவற்றையும் திட்டினேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, சாலையின் நடுவிலேயே போய் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள் அவரைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் ஹாரன் சத்தம் கேட்டது. பின்னால் ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்த மீன் வண்டி வந்தது. முகப்பில் படகுக்குப் போட்டதில் மிச்சமான செவ்வந்தி மாலை. முன்சீட்டில் அவள் பட்டுப்புடவையோடு, தலையெல்லாம் காற்றில் கலைந்து, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். கீழே இறங்கவில்லை, பையைக் கீழே வைக்கவும் இல்லை. ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தாள்.

"புதுப் படகுல முதல்ல ஏறுனது உங்க பைதாங்க்கா. நல்லபடியா போய் வாங்க."

அவள் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தேன். பை கும்மென்று மணத்தது. நாங்கள் மீன் சாப்பிடுகிறவர்கள்தான், ஆனால் வெள்ளிக்கிழமை கவிச்சி வீட்டுக்குள் வராது. அன்று காரில் மெட்ராஸ் வரைக்கும் கவிச்சி எங்களோடு உட்கார்ந்து வந்தது.

விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பிரித்த அதிகாரி ஒரு நிமிஷம் நிதானித்தார். விசா ஒட்டியிருந்த பக்கத்தில் ஒரு மீன் செதில் பளபளத்துக்கொண்டிருந்தது. அதை நகத்தால் எடுத்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, மீன் வியாபாரமாங்க என்று மரியாதையாகக் கேட்டார். பூகோள வாத்தியார் என்றார் இவர், அதைவிட மரியாதையாக. முத்திரை விழுந்தது.

ஜெர்மனியில் மாறினோம். விமானத்தில் எதிரே இருந்த சின்னத் திரையில் எங்கள் விமானம் கிரீன்லாந்துக்கு மேலே ஊர்ந்தது. இவர் சட்டைப் பையிலிருந்து நூலை எடுத்துத் திரைமேல் வைத்துப் பார்த்தார். பக்கத்து சீட்டு வெள்ளைக்காரர் மெதுவாகத் தள்ளி உட்கார்ந்தார். நூலாலா, மீனாலா என்று தெரியவில்லை.

வான்கூவரில் பெட்டி எடுக்கிற இடத்தில் நீளக்காது நாய் ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே வந்து எங்கள் பைக்கு முன்னால் உட்கார்ந்தது. உட்கார்ந்தால் சந்தேகம் என்று அர்த்தமாம். சீருடை போட்ட பெண்மணி பையைத் திறந்தாள். அடியில் செய்தித்தாளில் சுற்றி, நூல் கட்டி, ஒரு பொட்டலம் இருந்தது. அது எனக்கே தெரியாது. பிரித்தால் பால்சுறாக் கருவாடு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று கோடியக்கரைக்காரி என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறாள். இவர் அந்தப் பெண்மணிக்கு ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தார். சூலத்தில் தொடங்கிப் பரஸ்தானத்துக்கு வருவதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தி, மீன் பரவாயில்லை, போகலாம் என்று பையை மூடிக் கொடுத்தாள். நாய்க்குத்தான் மனசில்லை.

கதவைத் தாண்டியதும் அவள் நின்றாள். என் பெண், அத்தனை பெரிய வயிற்றோடு. இடுப்பு இழுத்தது வாய்வுதான். ஓடி வந்து பையோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, என்னம்மா இப்படி நாறுற என்று கேட்டு, அழுதுகொண்டே சிரித்தாள். மறுநாளே நிஜ வலி வந்துவிட்டது. பிரசவ அறையில் ஸ்வெட்டருக்கு வெளியே தொங்கிய என் புடவைத் தலைப்பைக் கையில் இறுகச் சுற்றிக்கொண்டாள். பெண் குழந்தை. வந்த உடனே எங்கள் எல்லோரையும் திட்டுகிற மாதிரி ஒரு குரல்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருக்கும்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"புதன்கிழமை நீ கிளம்பியாச்சுன்னு சொன்னல்லம்மா? அன்னைக்குத்தான் நான் நல்லா தூங்குனேன்."

பை நாலாவது வீட்டில்தானே இருந்தது என்று நான் சொல்லப்போனேன். அவளுக்கும் அது தெரியும் என்று அப்புறம் புரிந்தது.

சுறாப்புட்டு செய்து போட்டேன். குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, எங்கள் விசா தீர்ந்தது. திரும்புகிற டிக்கெட் சனிக்கிழமைக்கு. சனிக்கிழமை கிழக்கே சூலம். இவர் நூலை எடுப்பதற்குள், கிழக்கே பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம் பேசி வைத்துவிட்டேன். நல்ல நேரத்தில் ஒரு பை கொண்டுவருகிறேன், கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. அந்த நல்ல நேரம் வந்தபோது ஜவுளிக்கடைப் பையைக் காணோம். அலமாரி, கட்டிலடி, கார் எல்லாம் தேடினேன். கடைசியில் குழந்தையின் தொட்டில் மெத்தைக்கு அடியில் ஒரு மூலை எட்டிப் பார்த்தது. இழுக்கப் போனேன். என் பெண் வந்து அதன்மேல் கையை வைத்தாள்.

"பை போயிட்டா நீ போயிட்ட மாதிரிம்மா. சனிக்கிழமை வரைக்கும் இங்கயே இரு."

அதற்கு மேல் எனக்கு எந்தக் காலண்டரும் தெரியவில்லை. சனிக்கிழமை காலை, பட்டப்பகல் ராகு காலத்தில், சூலத்துக்கு நேர் எதிரே, பரஸ்தானம் இல்லாமல் கிளம்பினேன். பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, என் புடவை ஒன்றை மடித்து உள்ளே வைத்து, பையைத் தொட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டேன். விமான நிலையத்தில் இவர் பை எங்கே என்றார். அடுத்த பயணத்துக்குப் பரஸ்தானம் வைத்திருக்கிறேன் என்றேன். எந்தத் திசை, எந்தக் கிழமை என்று கேட்பார் என்று பார்த்தேன். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் பெண் எத்தனை மணி நேரம் என்று கேட்பதில்லை. குழந்தையைத் தூக்கித் திரைக்கு முன்னால் காட்டிவிட்டு, "கிளம்பியாச்சுல்லம்மா?" என்கிறாள்.

"கிளம்பியாச்சு" என்கிறேன்.